சாரலும் துப்பாக்கிக் குழலும்

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குக் காற்று செங்கோட்டை, தென்காசி, இலஞ்சி, பண்பொழி என்று எல்லா ஊரையும் நனைத்துவிட்டுத்தான் கிழக்கே போகும். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். வீட்டில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு அது கவலைக் காலம். அரிவாளிலும் பூட்டிலும் துரு ஏறினால் கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கியில் குழலின் உட்புறம் முதலில் கெடும், வெளியே ஒன்றும் தெரியாது.

எங்கள் வட்டாரத்தின் துப்பாக்கி வரலாறு பெரும்பாலும் சுட்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடந்த ஆண்டு நான் பத்து மீட்டர் இலக்குப் பயிற்சிக்காக ஒரு ஏர் பிஸ்டல் வாங்கினேன். அதைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான், துடைத்தவர்களின் வரலாறு ஒன்றும் இந்த மலையடியில் இருப்பது உறைத்தது.

இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் நெற்கட்டும்செவலுக்கு 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்தார். அந்த ஊர்ப் பாளையக்காரர் பூலித்தேவர் பணியவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1767இல், கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்தார். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பல திரித் துப்பாக்கிகள். எரியும் திரியைக் கிண்ணியில் இருக்கும் மருந்தில் தொட்டால்தான் வெடிக்கும். மழை பெய்தால் திரி அணையும், மருந்து நமுத்துப்போகும். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்தபின் குழலில் படியும் கரியும் உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சண்டை முடிந்த இரவே குழலைக் கழுவாவிட்டால் அடுத்த சண்டைக்கு அது உதவாது. மேற்குப் பாளையங்களில் ஈட்டிக்கும் வாளுக்கும் கடைசிவரை மதிப்பு இருந்ததற்கு இந்த மழையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் கம்பெனிப் படையிடம் வீழ்ந்த 1801ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அதோடு போயிற்று. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்குள் அடைத்தது. செங்கோட்டை மட்டும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. தென்காசியில் இருந்து ஒரு நடைத் தொலைவில் வேறொரு அரசு, வேறொரு சட்டம்.

அந்தச் செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்த வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அந்தக் காலத்துத் தோட்டாக்களில் புகையில்லா மருந்து வந்துவிட்டது; ஆனால் அதைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது குழலில் உப்பாகத் தங்கும். துருப்பிடிக்க வைக்காத கேப் ஜெர்மனியில் 1920களின் கடைசியில்தான் பரவலாக வரத் தொடங்கியது. ஆகவே 1911இல் ஒரு பிஸ்டலை மறைத்து வைத்துப் பழகிய எவரும், அதை மழைக்காலத்தில் இரகசியமாகக் கழுவித் துடைத்தும் ஆகவேண்டும். வரலாற்றுப் புத்தகங்கள் இந்த உழைப்பைப் பேசுவதில்லை.

நான் கண்ணால் பார்த்த உழைப்பு என் தாத்தாவுடையது. பண்பொழிக்கு மேற்கே மலையை ஒட்டி அவருக்கு வயல். காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் இடம். பயிர்க் காவலுக்கு என்று உரிமம் வாங்கிய, வாய்வழி மருந்து கெட்டிக்கும் கேப் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். பெரும்பாலும் வெறும் மருந்தைப் போட்டு வெடித்து விரட்டுவதுதான். எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் முதல் வேலை அடுப்பில் வெந்நீர் வைப்பது. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, கொதிக்கும் நீரை உள்ளே ஊற்றுவார். கறுப்பாக வரும். தெளியும்வரை ஊற்றுவார். கேப் உட்காரும் முனையின் துளையைக் கோழி இறகால் குத்திவிடுவார். இரும்பில் தண்ணீர் ஊற்றலாமா என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருப்பாள். என்னிடம் சொல்வார்: “எண்ணெ உப்பக் கரைக்காதுளா, தண்ணிதான் கரைக்கும்.”

வேதியியல் படித்த எவரும் இதை மறுக்கமாட்டார். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு எண்ணெய்க்கு அடியில் இருந்து வேலை செய்யும். கொதிநீரில் இன்னொரு நன்மை: குழல் சூடேறுவதால் தானே உலர்ந்துவிடும். அதன்பின் உலர்ந்த வேட்டித் துணி, அதன்பின் தேங்காயெண்ணெய், அதுவும் துணியில் தொட்டு ஒரு பூச்சு மட்டும். சாரல் காலத்துக் குளிர்ந்த காலைகளில் தேங்காயெண்ணெய் உறையும் என்பதால், மறுபடி மருந்து போடுமுன் துடைத்து எடுத்துவிடுவார். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் கிரீஸை அப்பி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுப்பார். பக்கத்து வயல்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

கல்லூரியில் என்சிசி .22 ரைஃபிளைத் துடைத்தபோது பெயர்கள் மாறின. அங்கே குழலுக்குள் இழுக்கும் கயிறு ‘புல்த்ரூ’, துடைக்கும் துணி ‘சிந்தி’. குழல் காலியா என்று இருமுறை பார்த்தபிறகே துணியைத் தொட வேண்டும் என்ற கட்டளை அங்கேதான் எனக்குள் ஊறியது. அதைத் தாத்தா சொன்னதில்லை, செய்துதான் காட்டியிருக்கிறார்.

இப்போது கையில் இருக்கும் பிஸ்டலில் மருந்தே இல்லை. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை 200 பார் வரை அழுத்தி அடைத்த காற்று தள்ளுகிறது. 20 ஜூலுக்குள் இருப்பதால் இதற்கு ஆயுத உரிமம் வேண்டாம். கழுவ உப்பும் இல்லை. குழலில் படிவது கொஞ்சம் ஈயம் மட்டுமே. அளவான ஃபெல்ட் துண்டைப் பின்பக்கமிருந்து தள்ளினால் வந்துவிடும். எண்ணெய் பூசும் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. காற்று செல்லும் பாதையில் சாதாரண எண்ணெய் பட்டால் அழுத்தத்தில் தீப்பற்றலாம். ரப்பர் வளையங்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போதும்.

ஆனால் சாரல் இங்கேயும் விடுவதில்லை. கைப்பம்பால் காற்றை அடைத்தால் வெளிக்காற்றின் ஈரமும் உள்ளே போகிறது. அழுத்தத்தில் அது நீராகப் பிரிந்து சிலிண்டரில் தங்கும். மே மாத மதுரையில் இது பெரிய விஷயமாக இருக்காது, ஆடி மாதக் குற்றாலத்தில் இருக்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய பம்பும், சிலிண்டரின் பத்தாண்டுக் காலாவதித் தேதியும் இந்த ஊர்க்காரர் மறக்கக் கூடாதவை. பஞ்சு வைத்த பெட்டியும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நான் பிஸ்டலைத் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு பூட்டிய இரும்பு அலமாரியில் வைக்கிறேன்.

மலையடி ஊர்களில் கேப் துப்பாக்கி வைத்திருந்த தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது. உங்கள் வீட்டில் உரிமம் காலாவதியான பழைய துப்பாக்கி இருந்தால் சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைக்குமுன், அதை எப்படிக் கழுவினார்கள், எந்த எண்ணெய் போட்டார்கள், மழைக்காலத்தில் எங்கே வைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.