ஏடும் எழுத்துருவும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில் அமைந்த ஊர் செட்டிபாளையம். இக்கரையின் கண்ணகி அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' பாடப்படுவது வழமை. பல தலைமுறைகளாக அக்காவியம் ஓலைச்சுவடிகளில் வாழ்ந்தது. ஓலை செல்லரிக்கும் முன்னர் எவரேனும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். 1968இல் பண்டிதர் வி. சீ. கந்தையா அதனை அச்சு நூலாகப் பதிப்பித்தார். ஏட்டைப் பேழையில் பூட்டி வைத்ததோடு நின்றிருந்தால் அது நம்மை வந்தடைந்திராது.

இதனை நினைக்க வைத்தது என் பழைய இறுவட்டு ஒன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்த நாட்களில் நான் சேமித்த இணையப் பக்கங்கள் அதில் இருந்தன. எழுவான்கரை ஊர்களில் மாண்டோரின் பெயர்களும் அவற்றுள் அடக்கம். திறந்து பார்த்தேன். ஒரு பெயரையேனும் வாசிக்க முடியவில்லை. திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியல்.

காரணம் எளியது. அந்நாட்களில் ஈழத்தவரின் பல தளங்கள் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அதில் 'அம்மா' என்ற சொல் கோப்பினுள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே பதிவாகும். அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு மட்டுமே. சில தளங்கள் எழுத்துருவைத் தம் வழங்கியிலிருந்தே அனுப்பின. தளம் மறைந்தபோது எழுத்துருவும் மறைந்தது. பக்கத்தைச் சேமித்தோம், அதன் திறவுகோலைச் சேமிக்கவில்லை.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றின் பின்னரே அது சாதாரண கணினிகளில் ஒழுங்காகத் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு குறியேற்றம். தகுதர (திஸ்கி), தாம், தாப் எனப் பொதுநியமங்கள் எழுந்தும் குழப்பம் ஓயவில்லை. 2009 ஒக்ரோபரில் ஜியோசிற்றீஸ் மூடப்பட்டபோது எண்ணற்ற தனியார் பக்கங்கள் அகன்றன. 1996இல் தொடங்கிய இணைய ஆவணகம் அவற்றுட் பலவற்றைக் காத்தது. எனினும் பாமினிப் பக்கம் அங்கும் பாமினியாகவே கிடக்கிறது.

அதனை வாசிக்கத்தக்கதாக்குவது மாற்றி. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' இப்பணியில் பலருக்கும் கைகொடுத்தது. மாற்றம் வெறும் எழுத்துக்கு எழுத்து அன்று. பாமினியில் 'கெ' எழுதக் கொம்பு முன்னே, ககரம் பின்னே. ஒருங்குறியில் ககரமே முதலில். பக்கத்தில் உண்மையான ஆங்கிலச் சொல் இருப்பின் அதுவும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். எனவே மெய்ப்புப் பார்க்க மனிதக் கண் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியவருக்கும் இதே கவலைதான்.

வாசகர்கள் தம் பழைய இறுவட்டுகளையும் வன்தட்டுகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மூலக்கோப்பை அழியாது வையுங்கள். ஒருங்குறிப் படியொன்றை அருகில் வையுங்கள். தளத்தின் முகவரி, சேமித்த நாள், எழுத்துருவின் பெயர் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நம் அச்சேடுகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. நம் இணைய ஏடுகளுக்கு நாமே பொறுப்பு.

என் இறுவட்டின் பெயர்களை இரண்டு இரவுகளில் மாற்றி முடித்தேன். இப்போது அவற்றை வாசிக்க முடிகிறது.