லட்சுமண் சிவராமகிருஷ்ணன்

லட்சுமண் சிவராமகிருஷ்ணன் (பிறப்பு: டிசம்பர் 31, 1965, சென்னை) இந்தியாவின் முன்னாள் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரரும் தொலைக்காட்சி வர்ணனையாளரும் ஆவார். வலக்கை மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளரான இவர் இந்திய அணிக்காக 9 தேர்வுப் போட்டிகளிலும் (டெஸ்ட்) 16 ஒருநாள் போட்டிகளிலும் ஆடினார். 17ஆம் வயதில் தொடங்கிய இவரது தேர்வு ஆட்ட வாழ்க்கை 20ஆம் வயதிலேயே முடிவுற்றது. ஆனால் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வர்ணனைப் பணி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

தொடக்க காலம்

பள்ளிப் போட்டிகளில் இளம் வயதிலேயே கவனம் பெற்ற சிவராமகிருஷ்ணன், 1980இல் ரவி சாஸ்திரியின் தலைமையில் இலங்கை சென்ற 19 வயதிற்குட்பட்டோர் அணியில் மிக இளையவராக இடம்பெற்றார். 1981-82 பருவத்தில் தமிழ்நாடு அணிக்காக ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் அறிமுகமானார். டெல்லி அணிக்கு எதிரான அக்காலிறுதி ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்சில் 28 ஓட்டங்களைக் கொடுத்து 7 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.

ஏப்ரல் 1983இல் ஆன்டிகுவாவின் செயின்ட் ஜான்சு நகரில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக முதல் தேர்வுப் போட்டியில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 17 ஆண்டுகள் 118 நாட்கள். அதுவரை இந்தியாவுக்காகத் தேர்வுப் போட்டியில் ஆடியவர்களில் இவரே மிக இளையவர். 1989இல் சச்சின் டெண்டுல்கர் இதனினும் குறைந்த வயதில் அறிமுகமானார். முதல் போட்டியில் சிவராமகிருஷ்ணனுக்கு விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை.

பந்துவீச்சு முறை

வலக்கை மணிக்கட்டுச் சுழற்பந்தின் அடிப்படை வீச்சு லெக் பிரேக் எனப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் ஒருங்கே சுழற்றி வீசப்படும் இப்பந்து தரையில் பட்டபின், வலக்கை மட்டையாளரின் கால் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கித் திரும்பும். ஏறத்தாழ அதே கையசைவில் வீசப்பட்டு நேர்மாறான திசையில் திரும்புவது கூக்ளி ஆகும். மட்டையாளர் வீச்சாளரின் கையைப் பார்த்து வேறுபாட்டை அறியத் தவறினால் ஏமாறுவார். இவ்விரு பந்துகளையும் சிவராமகிருஷ்ணன் திறம்பட வீசினார். எனினும் பந்து விழும் இடத்தைக் கட்டுப்படுத்துவது இம்முறையில் மிகக் கடினம். சற்றே தவறினாலும் எளிதில் ஓட்டங்கள் போகும்.

1984-85 பருவம்

நவம்பர் 1984 இறுதியில் மும்பை வான்கடே அரங்கில் தொடங்கிய இங்கிலாந்துக்கு எதிரான தேர்வுப் போட்டியில் சிவராமகிருஷ்ணன் முதல் இன்னிங்சில் 64 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 117 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். இந்தியா 8 விக்கெட்டுகளால் வென்றது. அடுத்து டெல்லியில் நடந்த போட்டியில் 99 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தார். அத்தொடரில் அவர் எடுத்தவை மொத்தம் 23 விக்கெட்டுகள். ஆயினும் இங்கிலாந்து 2-1 என்ற கணக்கில் தொடரை வென்றது.

1985 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ஆத்திரேலியாவில் நடந்த உலக வாகையர் துடுப்பாட்டப் போட்டியில் சுனில் கவாஸ்கர் தலைமையிலான இந்திய அணி கோப்பையை வென்றது. மார்ச் 10 அன்று மெல்பேர்ண் துடுப்பாட்ட அரங்கில் பாக்கித்தானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் சிவராமகிருஷ்ணன் 35 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் எடுத்தார். சதானந்த் விசுவநாத் இலக்கைத் தட்டி ஜாவெட் மியான்டாடை வெளியேற்றியது இவரது பந்திலேயே ஆகும்.

சரிவு

இங்கிலாந்துத் தொடருக்குப் பின் ஆடிய 3 தேர்வுப் போட்டிகளில் 3 விக்கெட்டுகளே கிடைத்தன. சனவரி 1986இல் சிட்னியில் ஆடியதே கடைசித் தேர்வுப் போட்டி. அப்போது அவருக்கு 20 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. 1987 உலகக்கோப்பையின்போது கடைசி ஒருநாள் போட்டியில் ஆடினார். 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் இடம்பெற்றிருந்தார்.

வர்ணனைப் பணி

நவம்பர் 2000இல் டாக்காவில் இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையே நடந்த தேர்வுப் போட்டியில் வர்ணனையாளராக அறிமுகமானார். வங்காளதேசம் ஆடிய முதல் தேர்வுப் போட்டியும் அதுவே.

வானொலி வர்ணனையாளர் களத்தில் நிகழும் யாவற்றையும் சொற்களால் காட்ட வேண்டும். தொலைக்காட்சியில் நிகழ்வைப் படமே காட்டிவிடுவதால், அது ஏன் நிகழ்ந்தது என்பதை விளக்குவதே முன்னாள் வீரரின் பணியாகிறது. பந்தைப் பிடித்த விதம், மணிக்கட்டின் நிலை, களத்தடுப்பு அமைப்பின் நோக்கம் ஆகியவற்றைச் சில நொடிகளில் சொல்லி முடிக்க வேண்டும். விளையாட்டு வீரர்கள் ஒலிபரப்புத் துறைக்குச் செல்வது பல நாடுகளிலும் வழக்கமாக உள்ளது. ஆத்திரேலிய அணியின் முன்னாள் தலைவரும் மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளருமான ரிச்சி பெனோ (1930-2015), ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே 1956இல் பிபிசியில் பயிற்சி பெற்று, பின்னர் புகழ்பெற்ற வர்ணனையாளரானார். 248 தேர்வு விக்கெட்டுகளுடன் பெனோ ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். சிவராமகிருஷ்ணனிடம் இருந்தவை 26 மட்டுமே. ஆகவே சாதனைப் பட்டியலைக் காட்டிலும் சுழற்பந்து பற்றிய அறிவே அவரது வர்ணனைக்கு அடிப்படையாயிற்று.

1985இல் கோப்பை வென்ற அணியைச் சேர்ந்த கவாஸ்கர், ரவி சாஸ்திரி, கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் ஆகியோரும் வர்ணனையாளர்களாயினர். தமிழ் வர்ணனையில் ஸ்ரீகாந்துடன் சு. பத்ரிநாத், அபினவ் முகுந்த் முதலிய தமிழ்நாட்டு வீரர்களும் ஈடுபட்டனர்.

பிற பணிகளும் கருத்துகளும்

2013இல் பன்னாட்டுத் துடுப்பாட்ட அவையின் துடுப்பாட்டக் குழுவில் வீரர்களின் பிரதிநிதியாக, ஆத்திரேலியாவின் டிம் மே வகித்த இடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தேர்தல் நடந்த முறை குறித்துப் பன்னாட்டு வீரர் சங்கக் கூட்டமைப்பு கேள்வி எழுப்பியது.

நவம்பர் 2021இல், தோல் நிறத்தின் காரணமாக வாழ்நாள் முழுவதும் பாகுபாட்டுக்கு உள்ளானதாகவும், அது சொந்த நாட்டிலேயே நிகழ்ந்ததாகவும் சிவராமகிருஷ்ணன் டுவிட்டரில் எழுதினார். அபினவ் முகுந்தும் ஆகத்து 2017இல், தம் நிறம் குறித்த ஏளனங்களைச் சிறு வயது முதல் எதிர்கொண்டதாக வெளிப்படையாக அறிவித்திருந்தார். நாட்டுக்காக ஆடிய இருவரின் இக்கூற்றுகள், இந்தியத் துடுப்பாட்டத்தில் நிறப் பாகுபாடு பற்றிய பொது விவாதத்துக்கு வழிவகுத்தன.

புள்ளிவிவரங்கள்

தேர்வுப் போட்டிகள்: 9, விக்கெட்டுகள்: 26
ஒருநாள் போட்டிகள்: 16, விக்கெட்டுகள்: 15
முதல்தரப் போட்டிகள்: 76, விக்கெட்டுகள்: 154