பிராக்கன் குகை வௌவால்களும் ரேடார் எதிரொலியும்

பிராக்கன் குகை, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகருக்கு வடகிழக்கே உள்ள சுண்ணாம்புக்கல் குகை. மார்ச் முதல் அக்டோபர் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மெக்சிகன் ஃப்ரீ-டெயில்ட் வௌவால்கள் இங்கு தங்கிக் குட்டி ஈனுகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12 கிராம் எடைதான். ஆனாலும் மாலையில் இவை இரைதேடிக் கிளம்புவது, நியூ பிரான்ஃபெல்ஸில் உள்ள வானிலை ரேடாரில் தெளிவாகத் தெரியும்.

இந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 10 செ.மீ. சென்னைத் துறைமுகத்தில் 2002-இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடாரும் ஏறக்குறைய இதே அலைநீளம் கொண்டது. மழைத்துளி சில மில்லிமீட்டர்தான் என்பதால் அலையைச் சிறிதளவே சிதறடிக்கும். வௌவாலின் உடலோ நீர் நிறைந்தது; நீளமும் அலைநீளத்துக்கு நெருக்கமானது. அதனால் சிதறல் வலுவாக இருக்கும். உடல் திரும்பும் கோணத்துக்கேற்பக் கூடும், குறையும்.

சிக்கல் தரையால் வருவது. குன்றும் மரமும் அனுப்பும் எதிரொலி, பறப்பவற்றின் எதிரொலியை எளிதில் மூழ்கடித்துவிடும். பிரித்தறிய உதவுவது டாப்ளர் பெயர்ச்சி: நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வரும் பொருள், எதிரொலியின் அதிர்வெண்ணை 200 ஹெர்ட்ஸ் உயர்த்தும், அசையாத குன்று உயர்த்தாது. பெயர்ச்சி இல்லாததை வடிகட்டி நீக்கிவிடுகிறார்கள். இந்த முறை குறையற்றதல்ல. காற்றில் ஆடும் கிளைக்கும் சிறு வேகம் உண்டு. கதிருக்குக் குறுக்கே பறக்கும் வௌவாலோ வேகமே இல்லாததுபோல் காட்டும்.

கோடை மாலைத் திரையில் குகையைச் சுற்றி ஒரு வளையம் தோன்றி விரியும். அதில் ரேடாரை நோக்கி வரும் பக்கம் பச்சை, விலகிச் செல்லும் பக்கம் சிவப்பு. மழையா உயிரினமா என்ற ஐயத்தை, கிடை, செங்குத்து என இரு திசை அலைகளை ஒப்பிட்டுத் தீர்க்கலாம். மழையில் இரண்டும் ஒத்துப்போகும். வௌவால் கூட்டத்தில் ஒத்துப்போகா. அமெரிக்க ரேடார்களுக்கு இவ்வசதி 2011–2013 காலத்தில் வந்தது.

வானிலையாளர் கழிவென்று ஒதுக்கிய இந்த எதிரொலியே உயிரியலாளருக்குப் புதையலானது. இருபதாண்டுக்கும் மேலான பதிவுகளை ஆராய்ந்த ஃபிலிப் ஸ்டெபானியனும் சார்லட் வெயின்ரைட்டும், வௌவால்கள் முன்பைவிடச் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே வந்துசேர்கின்றன என்று 2018-இல் காட்டினர். அப்பதிவுகள் பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கின்றன.