கட்டத்துக்குள் அடங்காத பெயர்

பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886 யூன் 7ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் முன்றலில் இருந்துதான் வயா ரோமா தொடங்குகிறது. சிறிது தூரம் நடந்தால் பல்லாரோ சந்தை. எண்பதுகளில் இருந்து இங்கே வந்து குடியேறிய நம்மவர் பலருக்கு இந்த நகரம் முதலில் இந்த நிலையம். அடுத்தது கொமூனேயின் பதிவுப் படிவம். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். தகப்பன் பெயரும் தன் பெயருமாக எழுதிப் பழகியவர்களின் நீண்ட பெயர்கள் அவற்றுள் இலகுவில் அடங்குவதில்லை. ஆனால் இடம் முடிந்ததும் எழுத்தர் பேனாவை நிறுத்திவிடுவார். பெயர் குறைபடும், பக்கத்துக் கட்டம் தப்பிவிடும்.

கணினிக்கு அந்த நிதானத்தை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமல் விட்ட கதை ஒன்று உண்டு.

1983இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் எஸ்எம்பி என்ற நெறிமுறையை உருவாக்கினார். ஓர் அலுவலகத்தின் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நம்புவார்கள் என்பது அக்காலத்து வலையமைப்புகளின் இயல்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கன்பராவில் ஆய்வு மாணவராக இருந்த அன்ட்ரூ ட்ரிஜெல் அந்த நெறிமுறையைப் பேசும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரும் சொல்லொன்றைத் தேடி, பின்னர் அதற்குச் சம்பா என்று பெயர் வைத்தார். இன்று வீட்டு மூலையில் இருக்கும் சிறு சேமிப்புப் பெட்டிகள் பலவற்றிலும் சம்பாதான் ஓடுகிறது.

2017 மே 12இல் பரவிய வன்னக்ரை, விண்டோஸின் எஸ்எம்பி வழங்கியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. கதவைத் தட்டி வரும் அந்நியனுக்கு அஞ்ச வேண்டும் என்பதை உலகம் அன்று விளங்கிக்கொண்டது. ஆனால் 2018 ஓகஸ்ட் 14இல் சம்பா குழு அறிவித்த குறை இதற்கு மறுபுறமானது. கோப்பைத் தேடி நாம் இன்னொருவர் கதவைத் தட்டும்போது நமக்காகப் பேசுவது லிப்எஸ்எம்பிகிளையன்ட் என்ற நிரல்நூலகம். அது கோப்புப் பட்டியலைக் கேட்கும். வழங்கி பெயர்களை அனுப்பும். தீய வழங்கி ஒன்று அளவுக்கு மீறி நீண்ட பெயரை அனுப்பினால், நூலகம் நீளத்தைச் சரிபார்க்காமல் எழுதிக்கொண்டே போய், நினைவகத்தின் அடுத்த பகுதியையும் அழித்து எழுதிவிடும். சிவிஇ-2018-10858 என்பது அந்தக் குறையின் பதிவெண். 4.6.16, 4.7.9, 4.8.4 ஆகிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது.

பலெர்மோவுக்கும் ஒரு சோதனை வந்தது. அது வேறு வகையான தாக்குதல். 2022 யூன் தொடக்கத்தில் கொமூனே தன் கணினி வலையமைப்பையே நிறுத்தவேண்டி வந்தது; வைஸ் சொசைற்றி என்ற கப்பக் கும்பல் தாக்குதலுக்கு உரிமை கோரியது. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரம் இணையவழிச் சேவைகளை இழந்து, பழைய ஃபக்ஸ் இயந்திரத்தைத் தேடியது. வதிவிடச் சான்றும் அடையாள அட்டையும் இன்றி விசாவைப் புதுப்பிக்கவோ வீடு எடுக்கவோ திண்டாடும் குடியேறிகளுக்கு அப்படியான நாள்கள் எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொமூனேயின் கணினிகளைக் காப்பது நம் கையில் இல்லை. கடையிலும் சங்க அலுவலகத்திலும் கணக்குகளையும் படங்களையும் சுமந்து நிற்கும் அந்தச் சிறு பெட்டியும், அதைத் திறக்கும் கணினியும் நம் கையில்தான் இருக்கின்றன. திருத்தம் 2018இலேயே வந்துவிட்டது. அதை நிறுவாத கணினி, யார் எவ்வளவு நீளமான பெயரைச் சொன்னாலும் இன்னமும் எழுதிக்கொண்டே போகும்.