தோட்டத்துப் பசுவின் மடி நோய்: தரையில் தொடங்கும் ஒரு வரலாறு

நமது பக்கத்தில் 'பால்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை றப்பர்த் தோட்டங்களில் "பால் வெட்டப் போயிருக்கிறார்" என்றால் றப்பர்ப் பால். "பால் ஊத்தப் போயிருக்கிறார்" என்றால் மாட்டுப் பால். முதலாவது பாலின் வரலாற்றை வகுப்பில் படிப்பிக்கிறோம். பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாவது பாலின் வரலாற்றை யாரும் கேட்பதில்லை.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது பாலைப் பற்றியது. அதிலும் அதைக் கெடுக்கும் மடி நோயைப் பற்றியது. விவசாயப் புத்தகத்தில் இதன் பெயர் முலையழற்சி. லயத்தில் "மடி கல்லாயிருச்சு" என்பார்கள். கிருமி காம்பின் துளை வழியாக உள்ளே போகிறது. மடி வீங்கிச் சூடாகிறது. பால் திரிதிரியாக வருகிறது, சிலவேளை இரத்தமும் கலந்து வருகிறது. கவனிக்காமல் விட்டால் நான்கு காம்பில் ஒன்று நிரந்தரமாக வற்றிவிடும். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு காம்பு போவது சிறிய விடயம் அல்ல. கடைக் கடனும் பிள்ளையின் வகுப்புக் காசும் அந்தக் காம்பில்தான் இருக்கிறது.

ஏன் நமது மலைகளில் இந்த நோய் திரும்பத் திரும்ப வருகிறது? வாசித்ததையும் பார்த்ததையும் வைத்து நான் நினைப்பது, முக்கியமான காரணம் மாடு நிற்கும் தரையில் இருக்கிறது என்பதுதான். அந்தத் தரை எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

கண்டி இராச்சிய காலத்தில் இந்த மலைகளில் வண்டிப் பாதை கிடையாது. உப்பும் கருவாடும் மேலே போனதும் பாக்கு கீழே வந்ததும் பொதிமாட்டின் முதுகில்தான். அந்தத் தவளம் வியாபாரத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். அரசனின் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே பத்த'வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நமது மூத்தவர்களே. (இந்த 'மடிகே'வுக்கும் மாட்டு மடிக்கும் சம்பந்தம் இல்லை!) தவளக்காரருக்கு மாடு என்றால் முதுகும் குளம்பும். பொதி உரசிப் புண் வந்தால் பிழைப்பு நின்றுவிடும். எனவே அவர் கண் அங்கேதான் இருந்திருக்கும்.

அடுத்து வந்தது கோப்பிக் காலம். 1830களுக்குப் பிறகு காடுகள் வெட்டப்பட்டு, நமது இறக்குவானை, பலாங்கொடை மலைகள் வரை கோப்பி ஏறியது. கோப்பி மண்ணை உறிஞ்சும் பயிர். ஆகவே பல தோட்டங்கள் எருவுக்காகவே மாட்டுத் தொழுவம் வைத்தன. தீனிக்குக் கினிப் புல் நட்டன. மாட்டைக் கட்டிப்போட்டு, புல்லை அறுத்துப் போட்டு, சாணமும் மூத்திரமும் மிச்சப் புல்லும் ஒன்றாக மிதிபட விடுவார்கள். காலடியில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு எரு. துரையின் கணக்கில் தொழுவத்தின் விளைச்சல் சாணம்தான். பால் மேலதிகம்.

1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாகக் கோப்பி அழிந்து தேயிலையும் பின்னர் றப்பரும் வந்தன. தொழுவத்தின் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் லயத்துப் பின்புறம் போய்ப் பாருங்கள். சாணத்தை மாட்டின் காலடியிலேயே சேரவிட்டு, கனத்த பிறகு அள்ளும் தொழுவங்கள் இருக்கின்றன. எருவுக்கு அது நல்லது. மடிக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஈகோலை போன்ற கிருமிகள் வாழ்வதே சாணத்தில்தான். ஈரச் சாணத்தில் மடியை வைத்துப் படுக்கும் பசுவின் காம்புக்கு அவை நேராகவே வந்து சேர்கின்றன.

இதில் நமது தோட்டத்து மக்களுக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். திருச்சி, புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த அவர்களது முன்னோர்களில் பலர் கறவை மாட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்த ஊர்களில் வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றருக்குக் குறைவாகவே மழை பெய்யும். மாடு காய்ந்த மண்ணில் படுக்கும். இரத்தினபுரியில் 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. வறண்ட மண்ணில் பழகிய கை, ஈரத் தரையில் நிற்கும் மாட்டைக் கறக்க வேண்டி வந்தது. கை மாறவில்லை, தரை மாறிவிட்டது.

மூன்றாவது காலம் பால் காசான காலம். 1956இல் தேசிய பால் சபை உருவானது. 1986இல் அதன் இடத்துக்கு மில்கோ வந்தது. தனியார் கம்பனிகளும் பால் சேகரித்தன. அக்கம்பக்கத்து வீட்டுக்கும் பிள்ளையின் தேத்தண்ணிக்கும் போன பால் லீற்றர் கணக்கில் பணமானது. பிரீசியன், ஜேர்சிக் கலப்பு மாடுகள் வந்தன. நாட்டு மாட்டைவிடப் பல மடங்கு பால், அதற்கேற்ற பெரிய மடி, தரைக்கு இன்னும் கிட்டத்தில். பால் கூடக்கூட மடி நோயின் ஆபத்தும் கூடியது. தொழுவத்தின் தரை மட்டும் கோப்பிக் காலத்திலேயே நின்றுவிட்டது.

இதே காலத்தில் உலகம் என்ன கற்றுக்கொண்டது என்றும் பார்க்க வேண்டும். 1887இல் பிரான்சில் நொக்கார், மொலரோ என்ற இருவர், மாட்டுக்கு மாடு பரவும் மடி நோய்க்குக் காரணமான கிருமியை விவரித்து எழுதினார்கள். கறப்பவரின் கையே அதைக் காவிச் செல்கிறது என்றும் காட்டினார்கள். 1928இல் பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1940களில் அது மாட்டு மடிக்கும் வந்தது. இனிக் கவலையில்லை என்று பலர் நம்பினார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும் என்றார்.

1957இல் கலிபோர்னியாவில் ஓர் எளிய சோதனை வந்தது. நான்கு காம்பின் பாலையும் நான்கு கிண்ணத்தில் பிடித்து, சவர்க்காரம் போன்ற ஒரு கரைசலைக் கலந்து சுழற்ற வேண்டும். கூழ் போலத் திரண்டால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. இதன் பெறுமதி என்னவென்றால், மடி வீங்காமல், பாலும் பார்வைக்கு நல்லதாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் நோயை இது காட்டிவிடும். மறைந்திருக்கும் இந்த நோய்தான் சத்தமில்லாமல் பாலைக் குறைப்பது. பாகிஸ்தானின் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்தினர் இதையே உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளில் செய்து காட்டினார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு தூள் கலந்த தண்ணீரும் பாலும் சம அளவில் போதும்.

1960களில் இங்கிலாந்தின் ரெடிங் ஆய்வாளர்கள் ஐந்து அம்சத் திட்டமொன்றைச் சொன்னார்கள். கறந்து முடிந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் தோய்ப்பது. பால் வற்றும் காலத்தில் மடிக்கு மருந்து வைப்பது. நோய் கண்டவுடன் வைத்தியம் செய்வது. திரும்பத் திரும்ப நோய் வரும் மாட்டைப் பட்டியிலிருந்து நீக்குவது. கறவை இயந்திரத்தைச் சரியாக வைத்திருப்பது. இந்த ஐந்தில் மருந்துக்கு இரண்டு இடம்தான். மற்றவை பழக்கங்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு ஒரு மாணவனின் தகப்பன் மடிக்குள் செலுத்தும் மருந்துக் குழாயொன்றைக் கொண்டுவந்து, "சேர், இதுல என்னா எழுதியிருக்குனு பாத்துச் சொல்லுங்க" என்றார். எல்லாம் ஆங்கிலம். மருந்து வைத்த பிறகு இத்தனை நாளைக்குப் பாலை மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. வாசித்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தன நாள் பாலக் கீழ ஊத்துனா கடன யாரு சேர் கட்டுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மருந்து கலந்த பால் பெரிய தாங்கியில் சேர்ந்தால் யோகட் உறையாது, குடிக்கிறவருக்கும் கேடு. ஆனால் அதைத் தடுக்கும் முழுச் செலவும் இரண்டு மாடு வைத்திருப்பவரின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் வரும்முன் காப்பது அவருக்கு மற்ற எவரையும்விட முக்கியம்.

வரும்முன் காக்க முதல் வேலை தரை. சீமெந்துத் தரை, கொஞ்சம் சரிவு, தண்ணீர் ஓட ஒரு கான், சாணத்துக்குத் தொழுவத்துக்கு வெளியே ஒரு குழி. எல்லாருக்கும் தெரியும். ஏன் போடுவதில்லை? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் லயத்துக் குடும்பம் அதே லயத்தில்தான் இருந்தது. பின்புறத் தொழுவம் நிற்கும் மண் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. நாளைக்குக் கழற்று என்று சொல்லக்கூடிய இடத்தில் யார் ஐந்து மூட்டை சீமெந்தைக் கொட்டுவார்? மாடு சுத்தமாக இல்லை என்று குறை சொல்வது இலேசு. காணி உரிமையையும் மடி நோயையும் நாம் ஒரே பேச்சில் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அதுவரை காசு அதிகம் போகாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. சாணத்தை நாளுக்கு இரு முறை அள்ளுங்கள், எருக்குழியில் அது வீணாகாது. கறக்க முன் கையையும் காம்பையும் கழுவி, ஒவ்வொரு மாட்டுக்கும் வேறு துணியால் துடையுங்கள். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியிலோ இருண்ட நிறக் கோப்பையிலோ பிடித்துப் பாருங்கள், திரி இருந்தால் உடனே தெரியும். கட்டைவிரலை மடித்து இழுக்காமல் முழுக் கையால் கறவுங்கள். பாலையே தொட்டுக்கொண்டு கறக்கும் பழக்கத்தை விடுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள். கறந்ததும் காம்பை அயடின் கரைசலில் தோய்த்துவிட்டு முன்னால் புல்லைப் போடுங்கள். காம்பின் துளை மூட அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை மாடு தின்றுகொண்டு நிற்கட்டும், படுக்கக் கூடாது.

நாட்டு வைத்தியம் கேட்பவர்களுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர் பரிந்துரைக்கும் பூச்சு ஒன்று உண்டு. கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, பாலை முழுதாகக் கறந்துவிட்டு, மடி முழுக்க நாளுக்குப் பல தடவை பூச வேண்டும். ஆனால் மாடு தீனி தின்னாமல் காய்ச்சலோடு நின்றால் காத்திருக்க வேண்டாம். பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். கொடுக்கும் மருந்தைச் சொன்ன நாள் வரை முழுதாகப் போடுங்கள்.

பட்டணத்தில் இருக்கும் நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மா பக்கற்று 2022 மார்ச்சில் 790 ரூபாவானதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதுவும் கிடைக்காத நாட்களில் நம்மில் பலரது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் தந்தது தோட்டத்து மாடுதான். வீட்டுக்கு வரும் பால் காய்ச்சும்போது திரிந்தால், பால் கொண்டுவரும் அக்காவோடு சண்டை பிடிக்க வேண்டாம். பால் பழசாகி இருக்கலாம். மடி நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். "எந்த மாட்டுப் பால் அக்கா, ஒருக்கா காம்பைப் பாருங்க" என்று சொல்லுங்கள். மருந்துக் குழாயைக் கொண்டுவந்தால் வாசித்துக் கொடுங்கள். மருந்து வைத்த நாட்களில் பால் நின்றால், வேறு ஆளிடம் மாறிவிடாமல் அடுத்த வாரமும் அவரிடமே வாங்குங்கள்.

உங்கள் ஊரின் பழைய தொழுவங்கள், தவளம் போன மூத்தவாப்பாக்களின் கதைகள் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அவை தேவை.