குருக்கள்மடம்: குடிநீரும் அதன் மாசுகளும்

குருக்கள்மடம், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே கல்முனை வீதியில், மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள எழுவான்கரைக் (வாவியின் கிழக்குக் கரை) கிராமம். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரையின் அம்பிளாந்துறைக்குப் போக இங்கிருந்து ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடும். இருபுறமும் உப்புச் சுவையுள்ள நீர் சூழ்ந்த இந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் குடிக்கத்தக்க நீர் இருப்பதற்கு ஒரே காரணம் மழை.

வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை கொட்டும் மழையை மணல் அப்படியே உள்வாங்குகிறது. நன்னீர், உவர்நீரை விட எடை குறைந்தது. ஆகவே அது கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. 1888இல் ஒரு டச்சுக்காரரும் 1901இல் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டது. அடியில் பாறை குறுக்கிடும் இடங்களில் அந்த 40 மீற்றர் ஏட்டுக் கணக்குத்தான். ஆனால் அதன் மறுபக்கம் கிணற்றுக்காரர் எல்லோரும் அறிந்தது: மேலே நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினால் கீழே உவர் நிறைய ஏறும். வாளியால் அள்ளிய காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. மின்மோட்டார் வந்த பிறகு, ஆவணி, புரட்டாதியில் சவர்த்தண்ணி (உவர்நீர்) என்ற முறைப்பாடு கூடுகிறது.

இந்த நுண்மையான சமநிலை எவ்வளவு எளிதில் குலையும் என்பதை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காட்டியது. கரையோரக் கிணறுகள் கடல்நீராலும் சேற்றாலும் நிறைந்தன. உதவிக்கு வந்த குழுக்கள் நல்ல நோக்கத்துடன் கிணறுகளை மறுபடி மறுபடி இறைத்தன. பல இடங்களில் அது தீங்காகவே முடிந்தது. இறைக்க இறைக்கக் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் உவர்நீர் உள்ளே வந்தது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கிணறுகளை அளந்தார்கள். ஒருமுறை துப்புரவாக்கி, கிருமிநீக்கி, பின்னர் மழைக்கு விட்டுவிடுவதே மேல் என்ற கருத்து வலுப்பெற்றது. பம்புகளால் முடியாததைப் பருவமழையே செய்தது.

சவரை நாக்கு உடனே பிடித்துவிடும். இரும்பையும் அப்படியே: தேநீர் கறுக்கும், வெள்ளை வேட்டியில் துருக்கறை ஏறும். குழாய்நீரில் குளோரின் வாடை வந்தால் ‘மருந்து மணக்குது’ என்று முகம் சுளிப்பார்கள். இம்மூன்றும் வழக்கமாகக் காணப்படும் அளவுகளில் பெரும்பாலோருக்கு உடனடி ஆபத்தானவை அல்ல. மூன்றாவது பாதுகாப்பின் அடையாளம்கூட. உண்மையில் அஞ்ச வேண்டிய இரண்டு, நைத்திரேற்றும் மலக்கிருமிகளும், நிறமும் சுவையும் இல்லாமல் வருகின்றன. ‘எங்கட கிணற்றுத் தண்ணி தெளிவு’ என்ற பெருமை இவ்விரண்டிலும் எதையும் நிரூபிக்காது.

நைத்திரேற்று வரும் வழிகள் இரண்டு. ஒன்று தோட்டம். அயலிலுள்ள களுதாவளை, வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பெயர்போனது. மணல் நிலம் எருவைப் பிடித்து வைக்காது. யூரியாவும் கோழி எருவும் பயிருக்குப் போக மிஞ்சுவது பாசனநீரோடு அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. கற்பிட்டியின் மணலிலும் யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல்லிலும் நடப்பது இதுவே. மற்றது மலக்குழி. பேரிடர் நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு குழிக்கும் நீர்நிலைக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் விடச் சொல்கிறது. பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் துண்டாடப்பட்ட வளவில் கிணறு, மலசலகூடம், பக்கத்து வீட்டு மலசலகூடம் எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளியை எங்கே தேடுவது?

நைத்திரேற்று கூடிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும்; உதடும் நகமும் நீலம் பூக்கும். அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் கோம்லி 1945இல் இதைக் கிணற்றுநீரோடு தொடர்புபடுத்தி எழுதினார். கொதிக்க வைப்பது இங்கே உதவாது. நீர் ஆவியாக, எஞ்சும் நீரில் நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். குளோரினும் அதை அகற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை ‘நைதரசனாக’க் கணக்கிட்டு எழுதும், அப்போது அதே எல்லை ஏறத்தாழ 11 ஆகிவிடும். அறிக்கையில் ‘15’ என்று கண்டு நிம்மதி அடையுமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிருமிகளுக்கு மாரிகாலமே காலம். 2011 ஜனவரி வெள்ளம் போன்ற பெருக்கில் நிலத்தடி நீர் மலக்குழியைத் தொடும், தாழ்ந்த கிணற்றுக்கட்டை மேல்வெள்ளம் தாண்டும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியன இவ்வழியே பரவக்கூடியவை. கிருமிகளுக்கு மட்டும் கொதிக்க வைத்தல் முழு மருந்து.

கிணற்றை விட்டுக் குழாய்நீருக்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரிய குழாய்நீர்த் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைந்தது. படுவான்கரையின் உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழங்குகிறது. குளத்து நீரின் சிக்கல்கள் வேறு: வெள்ளத்தில் சேறு, வரட்சியில் பாசியும் இலைமட்கின் கரிமப்பொருளும். படிகாரம் சேற்றைப் படிய வைக்கும், மணல்வடி தெளிவாக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் கரிமப்பொருள் மிகுந்த நீரில் குளோரின் சேர்ந்தால் குளோரோபோம் போன்ற துணைப்பொருள்கள் உருவாகும். அதற்கு அஞ்சிக் குளோரினைக் குறைப்பது புத்திசாலித்தனம் அல்ல. கிருமியால் வரும் கேடு விரைவானது, பெரியது.

நிலையத்தை விட்டு வெளியேறும் நீர் நன்றாயிருந்தாலும் குழாயின் கடைசியில் உள்ள வீட்டில் அது அப்படியே இருக்கும் என்றில்லை. தூரம் கூடக் குளோரின் தேயும். அழுத்தம் விழும் நேரத்தில் கசிவுகளின் வழியே சேற்றுநீர் உள்ளே உறிஞ்சப்படும். வெயிலில் நிற்கும் கூரைத்தாங்கி மிச்சக் குளோரினையும் தின்றுவிடும். ஆண்டுக்கணக்காகக் கழுவாத தாங்கியின் நீரைக் குடித்துவிட்டுச் சபையைக் குறை சொல்பவர்கள் எங்கும் உண்டு. விநியோக முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்ச வேண்டும்.

இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614, 2013இல் திருத்தப்பட்டது. அதன்படி 100 மில்லிலீற்றரில் மலமாசைக் காட்டும் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கலாகாது. லீற்றருக்கு உச்ச எல்லை குளோரைட்டு 250, இரும்பு 0.3, புளோரைட்டு 1.0 மில்லிகிராம். புளோரைட்டு மணல் கிணறுகளை விட உலர்வலய உட்பகுதியின் பாறைக் கிணறுகளுக்குரிய தொல்லை. மணல் கிணற்றை ஆண்டில் ஒருமுறை மட்டும் சோதித்தால் பாதியே தெரியும்: உவருக்கு மழைக்கு முன்னும், கிருமிக்கு மழை நடுவிலும் மாதிரி எடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கான போத்தலைக் கிருமிநீக்கி, நிரப்பியதும் பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வுகூடத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.