உப்பளம் கற்பிக்கும் உள்ளாட்சிப் பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டிருப்பர். வெயிலையும் காற்றையுமே எரிபொருளாகக் கொண்டு நடைபெறும் மிகப் பழைய தொழில் இது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வானத்தை நம்பிய இத்தொழிலுக்கு வானமே இன்று அச்சமூட்டுகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் இக்கரையோரத்தைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாத்தியில் நீர் நிற்கும் வரை உப்பு வாருபவருக்குக் கூலி இல்லை. அவர் வீட்டு அடுப்பும் அதை நம்பியே எரிகிறது.

இத்தகைய காலத்திற்கு ஓர் ஊர் எவ்வாறு திட்டமிட வேண்டும்? யாருடைய சொல்லைக் கேட்டுத் திட்டமிட வேண்டும்? உப்பைப் பற்றியே நம் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. யமன் நாட்டின் மஅரிப் பகுதியிலிருந்த உப்பு வளத்தைத் தமக்கு வழங்குமாறு அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்க, நபி (ஸல்) அவர்களும் அதை வழங்கினார்கள். அவர் சென்றபின், அவையிலிருந்த ஒருவர் அவ்வுப்பு வற்றாத நீரூற்றைப் போன்றது என்று எடுத்துரைத்தார். அதைக் கேட்ட நபியவர்கள் தாம் வழங்கியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்நிகழ்ச்சி அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. உழைப்பின்றிக் கிடைக்கும் பொதுவளம் ஒருவருக்கே உரியதாகிவிடக் கூடாது என்ற சட்டத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தனர். நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் உண்டு: நிலத்தை அறிந்த ஒருவரின் சொல்லுக்காக ஒரு முடிவு மாற்றப்பட்டது.

தமிழகத்திலும் இப்பண்பு வேரூன்றியிருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அம்முறையில் அன்று எல்லோருக்கும் இடமிருக்கவில்லை என்பது உண்மையே. எனினும் ஏரியைக் காப்பது அதன் கரையில் வாழ்வோரின் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இது தலைகீழானது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. உப்பு விளைவித்தவருக்கு அதன்மீது உரிமை இல்லாமற்போனது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த தொண்டர்கள் எதிர்த்தது அந்தச் சட்டத்தையே.

விடுதலைக்குப் பின், 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கென 29 துறைகளைப் பட்டியலிட்டது. நீர் மேலாண்மையும் மரபுசாரா எரிசக்தியும் அவற்றில் அடங்கும். இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கோவை மாவட்டத்தின் ஓடந்துறை காட்டியது. குடிநீர் இறைக்கவும் தெருவிளக்கு எரியவும் ஆகும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதைக் கண்ட அவ்வூராட்சி, முதலில் செலவைக் குறைக்கும் வழிகளைத் தேடியது. பின்னர் 2006இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கே விற்றது.

மரக்காணத்திற்கும் இப்போது வாய்ப்புகள் உள்ளன. 2021 டிசம்பரில் இப்பகுதியின் கழுவெளி ஏரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் தமிழக அரசு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியரின் பொறுப்பில் அதை அமைத்தது. குஜராத்தின் சிறிய கட்ச் ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள், டீசல் எந்திரங்களை விட்டுச் சூரிய ஒளியால் இயங்கும் நீரிறைப்பான்களுக்கு மாறிவருகின்றனர். அவர்களிடமிருந்தும் நாம் கற்கலாம்.

ஆயினும் பக்கிங்காம் கால்வாயில் எங்கே தூர் சேர்ந்துள்ளது, வெள்ளம் எந்த வழியாகப் பாத்திக்குள் புகுகிறது, எந்தத் தெருவிளக்கு பகலிலும் எரிகிறது என்பவற்றை மாவட்டத் தலைநகரின் கோப்புகளைவிட ஊரில் வாழ்வோரே நன்கறிவர். தமிழக ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே உப்பு வாரும் பெண்ணும் மீனவரும் எழுந்து பேச வேண்டும். அவர்கள் சொன்னது தீர்மானமாக எழுதப்பட வேண்டும். நம் குடும்பத்தாரும் அக்கூட்டங்களில் அமர்ந்து, அவர்களின் கோரிக்கைக்குத் துணை நிற்க வேண்டும்.

மஅரிப் உப்பைப் பற்றி அன்று அவையில் பேசியவர் மௌனமாக இருந்திருந்தால், ஒரு பொதுவளம் தனியுடைமையாகியிருக்கும். அறிந்ததைச் சொல்வதும், சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்வதும் அமானிதத்தின் இரு பகுதிகள். அவ்விரண்டையும் நிறைவேற்றுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.